ஜப்பானில் உத்தியோகமும் கல்யாணமும்

டோக்கியோ நகரத்தில் பதினொரு வருஷம் உத்தியோகம் பார்த்துவிட்டு வந்தவள் என்று தெரிந்த மாத்திரத்தில், நம் ஊர் ஸ்திரீகள் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்பது வழக்கம். “அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?” என்பது ஒன்று. “அந்தத் தேசத்துப் பிள்ளைகள் அந்நிய தேசத்துப் பெண்களை விவாகம் செய்துகொள்வார்களா?” என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு விடை சுலபம். நகரத்தின் கிழக்குக் கோடியிலுள்ள நிஷி கஸாய் என்ற பேட்டையில் நம்மவர்கள் ஏராளமாகக் குடியேறியிருக்கிறார்கள். துவரம் பருப்பையும் பெருங்காயத்தையும் அங்கே வாங்கிக்கொள்ளலாம். இரண்டாவது கேள்விக்கும் “செய்துகொள்வார்கள்” என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பதிலைக் கேட்டுத் திருப்தியடைந்து எழுந்து போகிறவர்களைக் காணும்போது எனக்குச் சற்று வேதனையாயிருக்கும். கல்யாணம் நடக்குமா என்பதா விஷயம்? கல்யாணமான பிறகு அந்தப் பெண் காலையில் எழுந்து எங்கே போவாள், சர்க்கார் புஸ்தகத்தில் அவள் பெயர் எந்த மூலையில் எழுதப்பட்டிருக்கும் என்பவை அல்லவா விஷயம்?

அந்நியப் பெண்கள் ஜப்பானியரை மணப்பது நேற்று வந்த புதுமையன்று. மெய்ஜி சர்க்கார் 1873-ஆம் வருஷத்திலேயே இத்தகைய விவாகங்களுக்கு அநுமதியளித்துப் பிரகடனம் செய்துவிட்டது. அதன் தர்மம் நமக்குப் பழக்கமானதுதான். ஜப்பானியனை மணந்த அந்நியப் பெண் ஜப்பானியப் பிரஜையாகிவிடுவாள். அந்நியனை மணந்த ஜப்பானியப் பெண் தன் பிரஜா உரிமையை இழந்துவிடுவாள். கல்யாணத்தோடு பெண்ணின் கோத்திரம் மாறுவதுபோல அங்கே தேசமே மாறிவிட்டது. இந்த ஏற்பாடு 1950-ஆம் வருஷத்துச் சட்டத்தோடுதான் ஒழிந்தது.

அந்தக் காலத்தில் அப்படிச் சென்றவர்களுள் ரீட்டா என்ற ஸ்காட்லாந்து மாதின் கதை பலருக்குத் தெரியும். விஸ்கி தயாரிக்கும் வித்தையைக் கற்க வந்த தாகெத்ஸுரு என்ற வாலிபரை அவர் 1920-ஆம் வருஷம் கிளாஸ்கோவில் மணந்து, அதே வருஷம் ஜப்பானுக்குப் போய்ச் சேர்ந்தார். கணவருக்கு வேலையில்லாத நாட்களில் ஒஸாகா நகரத்துக் குழந்தைகளுக்கும் சீமாட்டிகளுக்கும் இங்கிலீஷும் பியானோவும் சொல்லிக் கொடுத்துக் குடும்பத்தைத் தாங்கினார். அவரிடம் இங்கிலீஷ் கற்ற ஒரு சீமாட்டியின் கணவர்தான் 1934-ல் தாகெத்ஸுரு சொந்தக் கம்பெனி ஆரம்பித்தபோது முதல் போட்டவர்களில் ஒருவர். இவ்வளவுக்கும் பிறகு யுத்தம் வந்தது. சட்டப்படி ஜப்பானியப் பிரஜையான அந்த அம்மாளைப் போலீஸார் ஒற்றர் என்று சந்தேகித்துப் பின்தொடர்ந்தார்கள். 2014-ல் ஜப்பானிய டெலிவிஷனில் அவர் சரித்திரத்தைத் தழுவிய தொடர் நாடகம் வந்தபோது, எங்கள் காரியாலயத்து ஸ்திரீகள் மத்தியான்னம் சாப்பாட்டு வேளையில் அதைப்பற்றிப் பேசிக் கண்ணீர் விடுவார்கள். பக்கத்து மேஜையில் நான் உட்கார்ந்திருப்பது அப்போது அவர்களுடைய நினைவுக்கு வருமோ என்னவோ!

நம் தேசத்திலிருந்தும் ஒருவர் போனார். டாக்காவில் ஸோப்புத் தொழில் நடத்திய தகேதா என்பவரை மணந்த ஹரிப்பிரபா என்ற வங்காள மாது 1912-ல் கணவருடைய ஊருக்குச் சென்று, அந்தப் பிரயாணத்தைப் பற்றி 1915-ல் ஒரு புஸ்தகம் வெளியிட்டார். இரண்டாவது மகா யுத்தத்தின்போது மீண்டும் ஜப்பானுக்குப் போன அவர், நேதாஜியின் ஆஸாத் ஹிந்த் ரேடியோவில் வங்க பாஷையில் செய்தி வாசித்தார். இந்திய ஸ்திரீ ஒருத்தி டோக்கியோவில் உத்தியோகம் பார்ப்பது என்னோடு ஆரம்பமாகவில்லை என்பதை அறிந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை என்னவென்று சொல்வேன்!

இந்தச் சரித்திரத்தில் இன்னும் ஒரு வேடிக்கை உண்டு. வியன்னாவில் பிறந்து, குழந்தைப் பிராயத்தில் டோக்கியோவுக்கு வந்து வளர்ந்த பெயாத்தே ஸிரோத்தா என்ற யுவதி, யுத்தம் முடிந்ததும் அமெரிக்கப் படைத் தலைமைக் காரியாலயத்தில் உத்தியோகத்தில் அமர்ந்தாள். 1946 பிப்ரவரியில் ஜப்பானின் புதிய அரசியல் சட்டத்துக்கு நகல் தயாரித்தபோது ஸ்திரீகளின் உரிமைகளைப் பற்றிய பகுதியை எழுதும் பொறுப்பு அவளிடம் வந்தது. அப்போது அவளுக்கு வயது 22. விவாகம் என்பது ஆண் பெண் இருவருடைய சம்மதத்தை மட்டுமே ஆதாரமாகக் கொண்டது, இருவருக்கும் சம உரிமை உண்டு என்று கூறும் 24-ஆவது ஷரத்து அதிலிருந்து பிறந்ததே. ஜப்பானியப் பெண்களின் கல்யாணத்துக்குச் சட்டம் எழுதியவள் காரியாலயத்தில் வேலை பார்த்த ஓர் அந்நியப் பெண்!

நிற்க, உத்தியோக விஷயத்துக்கு வருவோம்.

யுத்தத்துக்குப் பின் ஜப்பானியக் கம்பெனிகளில் வேலைக்கு வந்த இளம் பெண்களை முதலில் ‘பி.ஜி.’ என்று அழைத்தார்கள். ‘பிஸினஸ் கேர்ள்’ என்பதன் சுருக்கம். இந்தப் பெயருக்கு அந்நிய தேசங்களில் விபரீதமான அர்த்தம் உண்டு என்று யாரோ கிளப்பிவிட, 1963-ல் ஒரு பெண்கள் வாரப் பத்திரிகை வாசகர்களிடம் வோட்டு வாங்கி ‘ஓ.எல்.’ என்று மாற்றியது. அதாவது ‘ஆபீஸ் லேடி’. பெயர் மாறியதே யொழிய வேலை மாறவில்லை. காகிதங்களைப் பிரதி எடுப்பது, விருந்தினருக்குத் தேநீர் கொண்டுவருவது, கல்யாணம் நிச்சயமானதும் மங்களகரமாக ராஜிநாமாச் செய்வது ஆகியவையே அவர்கள் கடமை. மணமானால் விலக வேண்டும் என்ற விதியை ஒரு சிமெண்டுக் கம்பெனி எழுத்திலேயே வைத்திருந்தது. 1966-ல் டோக்கியோ ஜில்லாக் கோர்ட்டு அது செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஆனால் தீர்ப்புக்குப் பயந்து வழக்கங்கள் ஓடிவிடுமா? 1980-க்குப் பிறகுங்கூட, 25 வயது கடந்த கன்னிகையை 25-ஆம் தேதி தாண்டிய கிறிஸ்துமஸ் கேக்குக்கு ஒப்பிட்டுப் பேசுவதை ஹாஸ்யம் என்று நினைத்தார்கள்.

1986 ஏப்ரல் மாதத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் உத்தியோகத்தில் சம சந்தர்ப்பம் அளிக்கும் சட்டம் அமுலுக்கு வந்தது. கம்பெனிகள் உடனே சாமர்த்தியமாக இரண்டு பாதைகளை வகுத்தன. ஒன்று ‘ஸோகோஷோகு’: மேலே ஏறும் பாதை, எந்த ஊருக்கு மாற்றினாலும் போக வேண்டும். மற்றொன்று ‘இப்பன்ஷோகு’: குமாஸ்தா வேலை, மாற்றலும் இல்லை, உயர்வும் இல்லை. ஆண்கள் முன்னதிலும் பெண்கள் பின்னதிலும் நடந்தார்கள். சட்டம் எங்கும் மீறப்படவில்லை! இதில் இன்னொரு விந்தையைக் கவனிக்க வேண்டும். அதே 1986 ஏப்ரலில்தான், சம்பளக்காரரை அண்டியிருக்கும் மனைவி சந்தா கட்டாமலே பென்ஷன் பெறலாம் என்ற ஏற்பாடும் அமுலுக்கு வந்தது. அவளுடைய வருமானம் வருஷத்துக்கு 13 லட்சம் யென்னுக்கு மேற்பட்டால் இந்தச் சலுகை போய்விடும். ஆகவே, லட்சக்கணக்கான மனைவிமார் வேலை நேரத்தைக் கணக்கிட்டு, வரம்பு நெருங்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுகிறார்கள். சர்க்கார் ஒரு கையால் “வா” என்று அழைத்து, மறு கையால் “வீட்டிலேயே இரு” என்று உட்கார்த்தி வைத்த கதை இது. இன்றைக்கும் முழு நேர உத்தியோகஸ்தர்களில் ஆண் 100 யென் வாங்கும் இடத்தில் பெண் சுமார் 75 யென்தான் வாங்குகிறாள்.

நான் 2004-ல் ஒரு வியாபாரக் கம்பெனியில் முதற் பாதையில் சேர்த்துக்கொள்ளப்பட்டேன். அந்நியப் பெண்ணுக்கு இதில் ஒரு விசேஷ சௌகரியம் உண்டென்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நீ ஸ்திரீ என்பதைக் காட்டிலும் நீ அந்நியள் என்பது அவர்கள் கண்ணில் முதலில் படுகிறது. ஆகையால், தேநீர் கொண்டுவரும்படி என்னை யாரும் கேட்கவில்லை. இந்தியாவிலிருந்து விருந்தினர் வந்த நாட்களில் மட்டும் கேட்டார்கள்.

மற்றபடி பாஷை என்ற மலை இருக்கிறது. அந்நியருக்கான ஜப்பானிய மொழிப் பரீட்சையின் ஐந்து படிகளில் உச்சியிலுள்ளது முதற்படி. அதில் தேறியிராத பெண்ணின் மனுவைப் பல காரியாலயங்கள் படித்துக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் தேறியவள் கதி என்ன? முதல் நாள் டெலிபோன் மணி அடித்தபோது எனக்குத் தெரிந்தது. “எப்பொழுதும் தங்கள் தயவில் இருக்கிறோம்” என்று ஆரம்பிக்க வேண்டும். குரல் தெரியாத அந்த மனிதரின் தயவில் நாம் ஒரு நாளும் இருந்திராவிட்டாலும் சரி. அதைவிடக் கஷ்டம் ஒன்று. வெளியாரிடம் பேசும்போது நம் மேலதிகாரியை மரியாதையின்றிக் குறிப்பிட வேண்டும். தலைவரே யானாலும் வெறும் பெயர்தான். ‘ஸான்’ சேர்க்கக் கூடாது. ‘அவர்கள்’, ‘ஐயா’ என்றே சொல்லி வளர்ந்த தமிழ் நாக்கு இதற்கு எப்படி இணங்கும்? எதிர் மேஜையிலிருந்த குமாஸ்தாப் பெண் ஒருத்தி, எனக்குப் பத்து வயது இளையவள், மாலை வேளைகளில் என்னை உட்கார்த்தி வைத்து ஒரு மாத காலம் இதைப் பழக்கினாள். என்னைவிடக் குறைந்த சம்பளம் வாங்கினவள், என்னைவிட எல்லாக் காரியத்தையும் நன்றாக அறிந்தவள். அவள் பாதை அவளை எங்கும் ஏற்றிச் செல்லவில்லை. அவளை நினைக்கும்போதெல்லாம், அந்நியப் பெண்களின் குறைகளை மட்டும் எடுத்துச் சொல்வது நியாயமில்லை என்றே தோன்றுகிறது.

பெயர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பதை அங்குள்ள எந்தப் படிவமும் ஏற்காது. பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர் குடும்பப் பெயருக்குரிய கட்டத்தில் விழுந்துவிட்டபடியால், பதினொரு வருஷமும் என்னை எல்லோரும் என் தகப்பனார் பெயர் சொல்லியே அழைத்தார்கள். வீட்டில் நாங்கள் யாரும் உச்சரிக்கத் துணியாத பெயர் அது!

வருஷந்தோறும் வேலையைப் பரிசீலிக்கும் சந்தர்ப்பத்தில் என் மேலதிகாரி மிகவும் அன்போடு ஒரு கேள்வி கேட்பார்: “ஊருக்கு எப்போது திரும்புவதாக உத்தேசம்?” அவர் துரத்தவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். போகப்போகிறவளை நம்பி ஒரு பிரிவை ஒப்படைப்பது எப்படி என்பதே அவர் கவலை. 2011 மார்ச் 11-ஆம் தேதி பெரும் பூகம்பமும் கடற்கோளும் வந்து, புகுஷிமா அணு நிலையம் பழுதாகி, அந்நியர்கள் கூட்டங் கூட்டமாக விமானம் ஏறிய வாரத்தில் நான் தினமும் காரியாலயத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. பதவி உயர்வும் வரவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். காரியாலயத்து நாற்காலியைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதால் வாசகர்கள் தப்பர்த்தம் செய்துகொள்ளக் கூடாது. 2024 அக்டோபரில் ஜப்பானில் வேலை செய்த அந்நியர்கள் 23 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள். அவர்களிலுள்ள பெண்களில் ஏராளமானவர்கள் உணவுத் தொழிற்சாலைகளிலும், கடைகளிலும், முதியோர் இல்லங்களிலும் நின்றுகொண்டே வேலை செய்கிறவர்கள். நம் இன்ஜினீயர்களின் மனைவிமாராகச் செல்லும் பட்டதாரிப் பெண்களோ, கணவனை அண்டி வசிப்பவர் என்ற விஸாவில் இருப்பதால், தனி அநுமதி பெற்று வாரத்துக்கு 28 மணி நேரம் மட்டுமே வேலை செய்யலாம். எம்.எஸ்ஸி. படித்த ஒரு தமிழ்ப் பெண் நிஷி கஸாயில் பலகாரக் கடைக் கணக்கு எழுதியதை நான் அறிவேன்.

இனிக் கல்யாணம். என் தங்கையின் மகள் ஒரகடத்துக்கு அருகே ஒரு தொழிற்சாலையில் இன்ஜினீயர். அங்கே சில வருஷத் தவணையில் வந்திருந்த ஒரு ஜப்பானிய வாலிபரை மணப்பதென்று நிச்சயித்திருக்கிறாள். பிள்ளையாண்டான் நல்லவர், அடக்கமானவர், ரசஞ் சாதத்தை ரஸித்துச் சாப்பிடுகிறவர். கல்யாணத்துக்குப் பின் நகோயாவில் குடித்தனம். வீட்டில் ஒரு மாதம் நடந்த விவாதத்தில் மீனைப் பற்றியும் மதத்தைப் பற்றியும் எல்லோரும் பேசினார்கள். அங்கே கணவர்கள் சம்பளத்தை மனைவியிடம் கொடுத்துவிட்டுக் கைச்செலவுக்கு வாங்கிக்கொள்ளும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டென்று நான் சொன்னதும் என் தங்கையின் முகம் மலர்ந்தது. “அப்படியானால் தங்கமான தேசந்தான், அக்கா” என்றாள்.

“பிள்ளை மூத்தவனா, இளையவனா?” என்று நான் கேட்டேன். ஜப்பானியத் தாயார் யாரும் முதலில் கேட்கும் கேள்வி அது. மூத்த மகனானால் வயோதிகப் பெற்றோர் வந்து சேருவார்கள். அவர்களைப் பராமரிப்பது மருமகளின் தலையில் விழும். மாமனார் மாமியாருக்குப் பணிவிடை செய்த மருமகள் வாரிசுகளிடம் பணம் கோரலாம் என்று 2019-ல் சட்டமே வந்திருக்கிறதென்றால், எத்தனை மருமகள்கள் வெறுங்கையோடு நின்றிருக்க வேண்டும்! நம்முடைய மாப்பிள்ளை இளையவர்.

கிராமங்களில் பெண் கிடைக்காமல் தவித்த விவசாயிகளுக்காக யாமகாத்தா பிரதேசத்து அஸாஹி என்ற சிற்றூரின் நகரசபையே 1985-ல் பிலிப்பைன்ஸ் தேசத்திலிருந்து பெண் தேடிக் கொடுத்தது. பிறகு தரகர்கள் புகுந்தார்கள். கலப்பு விவாகங்கள் பெருகி 2006-ல் 44,701 என்ற உச்சத்தை அடைந்தன. அவற்றில் மனைவி அந்நியளாக இருந்தவை 35,993. பின்னர் அந்தத் தொகை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. அந்த மனைவிமாரில் சிலரை எனக்குத் தெரியும். அவர்களிடமிருந்து கற்றவற்றைத்தான் என் தங்கை மகளுக்குச் சொன்னேன்.

ஜப்பானில் ‘கோஸெகி’ என்ற குடும்பப் பதிவேடு உண்டு. பிறப்பு, விவாகம், மரணம் எல்லாம் அதில் ஏறும். அந்நிய மனைவி அதில் அங்கத்தினள் அல்லள். கணவன் பெயருக்குக் கீழே, இன்ன தேசத்து இன்ன பெண்ணை மணந்தான் என்று ஒரு குறிப்பாக மட்டும் வருவாள். பிள்ளைகள் அங்கத்தினர், தாய் குறிப்பு. இதற்குத் தனியாக, வசிப்பவர்களைக் குறிக்கும் ஜாபிதா ஒன்றும் உண்டு. அதிலும் 2012 ஜூலை வரையில் அந்நியர் சேர்க்கப்படவில்லை. அத்தாட்சி வாங்கிப் பார்த்தால் தாயில்லாக் குடும்பம் போலத் தோன்றும். இந்தக் குறைக்குள் ஒரு சலுகையும் ஒளிந்திருக்கிறது. ஜப்பானியர் இருவர் மணந்தால் ஒரே குடும்பப் பெயரைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட பெண்கள் தங்கள் பெயரை விடுகிறார்கள். 2015-லும் 2021-லும் சுப்ரீம் கோர்ட்டு அது சரியே என்றது. அந்நியளுக்கோ அந்த நிர்ப்பந்தம் இல்லை. எங்கள் பெண் தன் தகப்பனார் பெயருடனேயே இருக்கலாம்.

அடுத்தது விஸா. ஜப்பானியரின் மனைவி என்ற விஸா பெற்றால் எந்த வேலையும் செய்யலாம், தடை கிடையாது. ஆனால் விவாகம் முறிந்தால் பதினாலு நாளுக்குள் சர்க்காருக்கு அறிவிக்க வேண்டும். மனைவியாக வாழாமல் ஆறு மாதம் கழிந்தால் தக்க காரணமின்றேல் அது ரத்தாகலாம். இன்ஜினீயர் விஸாவோ கணவனைச் சார்ந்ததன்று, உத்தியோகத்தைச் சார்ந்தது. அந்த வகை வேலையைத் தவிர வேறு செய்ய முடியாது. கணவனிடம் கட்டிய கயிறா, முதலாளியிடம் கட்டிய கயிறா? விவாகமாகி மூன்று வருஷமும், அந்த மண்ணில் ஒரு வருஷமும் சேர்ந்து வாழ்ந்திருந்தால் நிரந்தர வாசத்துக்கு மனுச் செய்யலாம். அது கிடைக்கும் வரையில் உத்தியோகக் கயிறே உசிதம் என்பது என் அபிப்பிராயம். பெண் அதையே யோசித்து வைத்திருந்தாள். நகோயாவில் மேலே ஏறும் பாதையில் வேலை நிச்சயமான பிறகுதான் கல்யாணம் பதிவு என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டாளாம். அவரும் தலையசைத்தாராம்.

கடைசியாக நான் சொன்ன விஷயத்தைக் கேட்டு என் தங்கைக்குக் கோபம் வந்துவிட்டது. ஜப்பானில் இருவரும் சம்மதித்தால் விவாகரத்துக்குக் கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. ஒரு படிவத்தில் கையெழுத்திட்டு நகரசபைக் காரியாலயத்தில் கொடுத்தால் முடிந்தது. எழுத்து வாசனையில்லாத அந்நிய மனைவிக்குத் தெரியாமல் அவள் கையெழுத்தையும் தாங்களே போட்டுக் கொடுத்த கணவர்கள் உண்டு. அதனால், “என் சம்மதம் இன்றி அப்படிப்பட்ட படிவம் வந்தால் ஏற்காதே” என்று முன்கூட்டியே மனுக் கொடுத்து வைக்கும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. குழந்தைகள் விஷயம் இதனினும் பெரிது. விவாகரத்துக்குப் பின் பெற்றோரில் ஒருவருக்கே குழந்தையின் உரிமை என்பது நெடுங்கால விதி. 2024 மே மாதத்தில்தான் இருவருக்கும் உரிமை அளிக்க இடங்கொடுத்துப் பார்லிமெண்டு சட்டத்தைத் திருத்தியது.

“கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டில் இதையெல்லாம் வாயில் எடுக்கலாமா, அக்கா?” என்று தங்கை சீறினாள்.

“பெரியம்மா சொல்லட்டும், அம்மா. வேறு யார் சொல்லுவார்கள்?” என்றாள் பெண், கையில் பென்ஸிலோடு.

கல்யாணம் இங்கே நம் வழக்கப்படி நடந்தேறியது. ஆனால் ஜப்பானியச் சட்டத்துக்கு மேளமும் தெரியாது, மாலையும் தெரியாது. அங்கே ஒரு படிவத்தைக் கொடுப்பதுதான் விவாகம். அதற்கு வயது வந்த இரண்டு சாட்சிகள் வேண்டும். எந்தத் தேசத்தவராயினும் சரி. மாப்பிள்ளையின் தமையனார் ஒரு கட்டத்தில் கையெழுத்திட்டு அனுப்பியிருந்தார். மற்றதை என்னிடம் நீட்டினார்கள். பெயர், பிறந்த தேதி, விலாசம் எழுதிய பிறகு, குடும்பப் பதிவேடு இருக்கும் ஊரைக் கேட்கும் ஒரு கட்டம் வருகிறது. அந்நியர்கள் அதில் தங்கள் தேசத்தின் பெயரை எழுத வேண்டும். ‘இந்தியா’ என்று எழுதி, மை உலரும் வரையில் காத்திருந்து, பெண்ணிடம் திருப்பிக் கொடுத்தேன்.